நாப்பத்திமூண்டு மலைக்கு ஒரு அட்டை

தம்பி தமிழோ? நான் அப்பவே நினைச்சனான். ஃபோனிலை "அம்மா, பஸ்ல இருக்கேன், சாப்பிட்டாச்சு" எண்டு சொன்னியள் பாருங்கோ, அதிலைதான் பிடிச்சன். எவடம்? கோயம்புத்தூரோ. நல்லது, நல்லது. நான் யாழ்ப்பாணம், அல்வாய்ப் பக்கம். பேர் குலவீரசிங்கம். இஞ்சை வெள்ளையளுக்கு அது வாயிலை நுழையாது. குலா எண்டுதான் கூப்பிடுகினம்.

ஹின்டர்ஃபெல்டுக்கோ போறியள்? ஓம், இந்த பஸ்ஸிலை ஏறின எல்லாரும் அங்கைதான். முன்னாலை நிக்கிற கார் எல்லாமும் அங்கைதான். அந்தரப்படாதேங்கோ. முந்தி இருவது நிமிசப் பாதை, இப்ப சனிக்கிழமையிலை ரெண்டு மணித்தியாலம். சுவிசிலை எல்லாம் நேரத்துக்கு நடக்கும் எண்டு சொல்லியிருப்பினம். அது இந்த றோட்டு இல்லாத சுவிஸ்.

கழுத்திலை தொங்கிறது நாப்பத்திமூண்டு மலைப் பாஸ்தானே? ஒரு அட்டை, நாப்பத்திமூண்டு மலை, எங்கை வேணுமெண்டாலும் ஏறலாம், பனியிலை சறுக்கலாம். உந்த அட்டையாலை இருவத்தேழு வருசச் சிநேகிதன் ஒருத்தன் என்னோடை கதைக்காமல் விட்டவன். ஆரிலை பிழை எண்டு நீங்களே சொல்லுங்கோ. வெளியாள் சொன்னால்தான் நியாயமாய் இருக்கும்.

ஹின்டர்ஃபெல்டிலை ஒரே ஒரு லிஃப்ற். கம்பியிலை கதிரை தொங்கும், ரெண்டு ரெண்டு பேராய் இருந்து மேலை போறது. அந்தக் கதிரை சுத்தி வரேக்கை ஆக்களின்ரை காலிலை அடிச்சுப் போடாமல் ஒரு கையாலை பிடிச்சு, மற்றக் கையாலை பனியைத் தட்டிவிடோணும். அதுதான் என்ரை வேலை. சறுக்கத் தெரியுமோ எண்டு கேக்காதேங்கோ. பனங்காய் பொறுக்கி வளந்த எனக்கு உந்தத் தடியளிலை ஏறி விழோணும் எண்டு என்ன விதி?

லிஃப்ற் ஊராக்களின்ரை சொந்தம். அதைப் பொறுப்பாய்ப் பாத்தவர் அலோயிஸ். என்னிலும் பதினொரு வயசு கூட. அவரின்ரை வீடு லிஃப்ற் போய் முடியிற இடத்திலை, மேலை. அவரும் மனிசி றோஸ்லியும். வேறை வீடு வாசல் இல்லை. காலமை கதிரையிலை கீழை வருவார், பின்னேரம் கதிரையிலை வீட்டை போவார். நீங்கள் பஸ்ஸிலை வேலைக்குப் போற மாதிரி. மத்தியானம் பன்ரெண்டுக்கு லிஃப்றை நிப்பாட்டிப்போட்டு, நாங்கள் ரெண்டு பேரும் மேலை போய் றோஸ்லியின்ரை சூப் குடிப்பம். சறுக்க வந்த ஆக்கள்? நிண்டு பாத்துக்கொண்டிருப்பினம். மொத்தம் நாப்பது பேர்தானே. அதிலை பாதி அவரின்ரை சொந்தக்காரர்.

பேந்து லிஃப்ற் பழசாப் போச்சு. மோட்டர் இருமத் துடங்கிற்று. அந்த நேரம் பாத்து ஒரு கொம்பனி வந்தது. கடல் கடந்த கொம்பனி, பேர் வேண்டாம். நாங்கள் லிஃப்றை வாங்கிறம், புதுசாக்கிறம், உங்கடை மலையை எங்கடை அட்டையிலை சேக்கிறம் எண்டுது. ஊர்க்கூட்டம் வைச்சினம். இஞ்சை கை தூக்கித்தான் தீர்மானம். அறுவத்திரெண்டு கை விக்கலாம் எண்டு, அறுவத்தொரு கை விக்கக்கூடாது எண்டு. ஒரு கையாலை ஊர் விலைப்பட்டுது, தம்பி.

நானோ? ஓம், நானும் தூக்கினனான்தான். ஆனால் அறுவத்திரெண்டு பேர் தூக்கியிருக்கினம், அதிலை நான் ஒராள். என்னை மட்டும் சொல்லேலுமே? வேலை செய்யிற ஆக்களின்ரை குடும்பத்துக்கு நாப்பத்திமூண்டு மலைப் பாஸ் சும்மா எண்டு சொன்னவை. சும்மா வாறதை வேண்டாமெண்டு சொல்ல எங்கடை ஆக்களுக்குத் தெரியுமே? சறோ, அவள் என்ரை மனிசி, பக்கத்திலை இருந்து விலாவிலை குத்தினவள். கை தானாய் எழும்பிற்று.

எங்கடை மலை அட்டையிலை சேந்து வந்த முதல் சனிக்கிழமை. காலமை எட்டு மணிக்கு நான் லிஃப்றடியிலை இருக்கிற வேலைக் குடிலைத் திறந்து பாத்தன். வெள்ளையாய்க் கிடக்க வேண்டிய இடம் சிவப்பு, நீலம், மஞ்சளாய் அசையுது. சனம்! நல்லூர்த் தேர் மாதிரி, தேர் மட்டும் இல்லை. ஊரிலை ஒரு வெதுப்பகம், ஒரு கக்கூசு. பாண், நீங்கள் பிரெட் எண்டு சொல்லுறது, எட்டரைக்கு முடிஞ்சுது. மற்றதைப் பற்றிச் சொல்லேலாது.

ஒருத்தனைக் கேட்டன், ஏன் ராசா இஞ்சை வந்தனீ எண்டு. "இந்த மலை நல்லதோ கெட்டதோ தெரியாது. பாஸ் வாங்கியாச்சு, எல்லா மலைக்கும் போய் முடிக்கோணும்" எண்டான். பாருங்கோ ஆசையை! போட்ட காசை எடுக்கிறதுக்கு நாடு முழுக்க அலையிறாங்கள்.

நாங்களும் போனனாங்கள்தான். சும்மா கிடைச்ச பாஸை வீணாக்கேலுமே? நானும் சறோவும் ஒரு கிழமையிலை ஆறு மலை பாத்தனாங்கள். சறுக்கிறேல்லை. மேலை போறது, இடியப்பப் பெட்டியைத் திறக்கிறது, சாப்பிட்டுட்டுக் கீழை வாறது. எல்லா இடமும் ஒண்டரை மணித்தியாலம் வரிசை. "உதுகளுக்கெல்லாம் வேறை சோலி இல்லையோ" எண்டு சறோ பேசிப்போட்டாள்.

கொம்பனி ஒரு பொம்பிளைப் பிள்ளையை அனுப்பினது, மேற்பார்வைக்கு. கிறிஸ்டல் எண்டு பேர். எந்நேரமும் பல்லுத் தெரியச் சிரிப்பு. வரிசை நீளம் எண்டு முறைப்பாடு வந்தவுடனை என்னைக் கூப்பிட்டாள். "குலா, வரிசையைக் குறைக்கேலாது. ஆனால் வரிசையைச் சந்தோசமாக்கலாம்" எண்டாள். அண்டையிலையிருந்து எனக்குப் புதுப் பதவி. வரிசை அனுபவ மேலாளர். சட்டையிலை எழுதித் தந்தவை. கதிரை பிடிக்க மிசின் பூட்டியாச்சு.

சந்தோசமாக்கிறது எண்டால் எனக்கு என்ன தெரியும்? சறோவை றோல்ஸ் போடச் சொன்னன். ஆட்டிறைச்சி றோல்ஸும் இஞ்சித் தேத்தண்ணியும். குளிருக்கை நிக்கிற சனத்துக்கு அதைக் குடுத்தால் எப்பிடி இருக்கும்? மூண்டாம் கிழமை பாத்தால், சனம் றோல்ஸுக்கு எண்டே வருகுது. கேற்றடிக்கு வந்து சேந்தவுடனை திரும்பி, வரிசையின்ரை கடைசிக்குப் போய் நிக்குதுகள். "மேலை போங்கோ, உங்கடை முறை" எண்டால், "வேண்டாம், இன்னும் ஒரு சுத்து நிக்கிறம்" எண்டுதுகள். வரிசைக்குள்ளை வர வெளியிலை இன்னொரு வரிசை துடங்கிற்று.

கிறிஸ்டலுக்குப் பெரிய புளுகம், சந்தோசத்திலை கால் நிலத்திலை நிக்கேல்லை. உடனை ஒரு விரைவு வரிசை திறந்தாள். மேலதிகமாய்க் கட்டினால் கெதியாய்ப் போகலாம். எல்லாரும் கட்டினாங்கள். ஒருத்தர் மிச்சமில்லை. பேந்தென்ன, விரைவு வரிசை ரெண்டு மணித்தியாலம், சாதாரண வரிசையிலை ஈ காக்கை இல்லை. நான் கூவிக் கூவிப் பாத்தன், "இஞ்சாலை வாங்கோ, உடனை போகலாம்" எண்டு. ஒருத்தரும் அசையேல்லை. "நாங்கள் விரைவுக்குக் கட்டினனாங்கள்" எண்டு ரோசமாய்ச் சொல்லிப்போட்டு அங்கையே நிண்டாங்கள்.

இனித்தான் அலோயிஸின்ரை கதை வருகுது. கேளுங்கோ.

கேற் எண்டு சொன்னன், அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அலோயிஸுக்குச் சும்மா பாஸ் தாறம் எண்டு கொம்பனி சொன்னது. ஆனால் படம் பிடிக்கோணும், பேர் விவரம் எழுதோணும். அலோயிஸ் மாட்டன் எண்டிட்டார். "என்ரை வீட்டை போக நான் ஏன் ஆருக்கும் என்ரை மூஞ்சையைக் குடுக்கோணும்?" எண்டார். பிடிவாதம்! ஒரு படம்தானே, சிரிச்சுக்கொண்டு நிண்டால் முடிஞ்சுது. நான் எத்தினை தரம் சொன்னனான். கேக்கேல்லை.

கொஞ்ச நாள் நான் வேலையாக்களின்ரை பக்கக் கதவாலை அவரை விட்டனான். கிறிஸ்டல் அதைக் கண்டு அங்கை கமெரா பூட்டிப்போட்டாள். பேந்து மனிசன் நடக்கத் துடங்கினார். பனிக்கை நடக்கிற சப்பாத்து, முதுகிலை பாண் பை, வரிசைக்குப் பக்கத்தாலை ஏறிப் போவார். ஒரு மணி ஐம்பது நிமிசம். எழுவத்திரெண்டு வயசு.

வரிசையிலை நிண்ட சனம் அதைப் பாத்தது. கணக்குப் போட்டுது. வரிசை ரெண்டு மணி பத்து நிமிசம், கிழவர் ஒரு மணி ஐம்பதிலை போய்ச் சேருறார். ரெண்டு பேர் அவருக்குப் பின்னாலை போச்சினம். அடுத்த நாள் இருவது பேர். அடுத்த சனிக்கிழமை அலோயிஸுக்குப் பின்னாலை மலை முழுக்க எறும்பு போற மாதிரி ஒரு வரிசை. அவர் நிண்டு மூச்சு வாங்கினால் எல்லாரும் நிக்க வேணும். "கிழவர் கெதியாய் நடக்கிறாரில்லை" எண்டு கொம்பனிக்கு முறைப்பாடு போனது! கிறிஸ்டல் அந்த ஒற்றையடிப் பாதைக்கும் ஒரு கேற் போடலாமோ எண்டு என்னைக் கேட்டவள். நான் ஆலோசனை மட்டும்தான் சொன்னனான், எந்த இடத்திலை போட்டால் வசதி எண்டு. போட்டது அவள். ஆனால் அது பாதையின்ரை கேற். பக்கத்தாலை பனிக்குள்ளை இறங்கிப் போகலாம். அலோயிஸ் அப்பிடித்தான் போனவர், இடுப்பளவு பனியிலை.

மாசிமாதம். பள்ளிக்கூட விடுமுறை. அந்தச் சனிக்கிழமை மாதிரி ஒரு சனத்தை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. பத்தரை இருக்கும், குடிலிலை ரெலிபோன் அடிச்சுது. எடுத்தன். றோஸ்லி.

"குலா, நான் குசினியிலை விழுந்திட்டன். எழும்பேலாமல் கிடக்கு. அலோயிஸ் பாண் வாங்கக் கீழை வந்தவன். அவனை அனுப்பு."

நான் பதறிப் போனன். முதலிலை வோக்கிரோக்கியிலை மீட்பு ஆக்களுக்குச் சொன்னனான். அதைக் கவனிச்சுக் கொள்ளுங்கோ, முதல் செய்தது அதைத்தான். பேந்து வெதுப்பகத்துக்கு ஆளனுப்பி அலோயிஸைக் கூப்பிட்டன். பாண் பையோடை ஓடி வந்தார். எழுவத்திரெண்டு வயசு மனிசன் ஓடுறதைப் பாத்தால் சனம் தானாய் வழி விடும். விட்டுது. நேரை கேற்றுக்கு வந்திட்டார்.

கிறிஸ்டல் எனக்குப் பக்கத்திலை. கையிலை ஒரு அட்டவணை. அண்டைக்குத் தலைமைக் காரியாலயத்திலையிருந்து சோதினைக்கு ஆக்கள் வருவினம் எண்டு அவளுக்குக் கேள்வி. ஆர் எண்டு தெரியாது, வரிசையிலை நிக்கிற ஆரும் இருக்கலாம். என்னைப் பாத்துக் கொண்டு நிக்கிறாள்.

நான் என்ன செய்யிறது? எங்களுக்கு ஒரு வசனம் பாடமாக்கித் தந்திருக்கினம். ஆர் வந்தாலும் அதைத்தான் சொல்லோணும். நான் அலோயிஸைப் பாத்துச் சொன்னன்:

"மதிப்புக்குரிய விருந்தினரே, நல்வரவு. தாங்கள் தயவுசெய்து தங்களுடைய அட்டையைக் காட்டுங்கள்."

அலோயிஸ் என்னைப் பாத்தார். கோவமாய்ப் பாத்தாலும் பறவாயில்லை. ஆரோ தெரியாத ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்தார். பேந்து திரும்பி நடந்தார், மலையை நோக்கி. நான் பின்னாலை ஓடிப்போய் ரெண்டு றோல்ஸை அவரின்ரை பைக்குள்ளை வைச்சனான். வழியிலை பசிக்கும் எண்டு. அதை ஆரும் கதைக்கிறேல்லை.

அவர் ஏறிக்கொண்டிருக்க, மீட்பு ஆக்கள் றோஸ்லியைச் சறுக்கு வண்டியிலை கட்டி மற்றப் பக்கத்தாலை கீழை கொண்டு வந்திட்டினம். பதினைஞ்சு நிமிசம்! வரிசையிலை நிண்ட சனம் கை தட்டிச்சுது. சிலது அதுவும் வரிசை அனுபவத்திலை ஒரு நிகழ்ச்சி எண்டு நினைச்சதுகள். றோஸ்லியும் படுத்த படுக்கையிலை ஒரு கையைத் தூக்கி ஆட்டினவ. அம்புலன்ஸிலை ஏத்தியாச்சு. ஆனால் அம்புலன்ஸ் எங்கை போறது? இந்த றோட்டுத்தான். இந்தக் கார்தான். வெதுப்பகத்துக்கு முன்னாலை நிண்டபடி நிண்டுது.

அலோயிஸ் மேலை போய்ப் பாத்தால் வீடு திறந்து கிடக்கு. றேடியோ பாடுது. அடுப்பிலை சூப் வத்திக் கருகுது. மனிசியைக் காணேல்லை. அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பி இறங்கினவர், பாதி வழுக்கி, பாதி விழுந்து. போகவும் வரவும் ரெண்டே முக்கால் மணித்தியாலம். கீழை வந்து பாக்க அம்புலன்ஸ் அதே இடத்திலை, வெதுப்பகத்துக்கு முன்னாலை. பின் கதவைத் தட்டினார். திறந்தினம். ஏறி மனிசிக்குப் பக்கத்திலை இருந்தார்.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ. நான் கேற்றாலை விட்டிருந்தால் மனிசன் மேலை போய் மனிசியைக் காணாமல் அந்தரிச்சிருப்பார். விடாதபடியாலும் மேலைதான் போனவர், அது வேறை விசயம்.

இடுப்பெலும்பு வெடிப்பு. சத்திர சிகிச்சை செய்து றோஸ்லி தப்பிட்டா. ஆனால் அலோயிஸ் என்னோடை கதைக்கிறதை விட்டிட்டார். பங்குனி முழுக்க. எனக்கு முன்னாலை நடந்து போவார், நான் ஒரு மின்கம்பம் மாதிரி. நான் வணக்கம் சொன்னால் கம்பம் வணக்கம் சொல்லுமே எண்ட மாதிரிப் போவார். எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை, தம்பி. சறோ போட்ட றோல்ஸே கசந்துது.

ஒருநாள் பொறுக்கேலாமல் ஆசுப்பத்திரிக்குப் போனன். றோஸ்லி கட்டிலிலை நிமிந்து இருந்தா.

"அவருக்கு ஒரு கேற் திறக்காததுக்கு இவ்வளவு கோவமோ?" எண்டு கேட்டன்.

"கேற்றோ?" எண்டு சிரிச்சா. "கேற் மிசின். மிசினோடை அவனுக்கு என்ன கோவம்? நீ அவனை 'தாங்கள்' எண்டு சொன்னியாம்."

உங்களுக்கு இது விளங்கோணும். இந்தப் பாசையிலையும் எங்களை மாதிரி நீ இருக்கு, நீங்கள் இருக்கு. நான் வேலைக்கு வந்த புதுசிலை அலோயிஸ் சொன்னவர், தேவாலயத்தைத் தாண்டி மேலை மலையிலை எல்லாரும் 'நீ'தான், 'நீங்கள்' எல்லாம் கீழை பட்டினத்திலை எண்டு. என்னைவிடப் பதினொரு வயசு கூடின ஆளை நான் எப்பிடி நீ எண்டு சொல்லுறது? அல்வாயிலை எண்டால் அப்பா முதுகுத்தோலை உரிச்சிருப்பார். மூண்டு வருசம் பிடிச்சுது எனக்கு, ஒருநாள் சூப் குடிக்கேக்கை "நீ உப்பைத் தா" எண்டு சொல்ல. அண்டைக்கு அவை ரெண்டு பேரும் போத்தல் உடைச்சுக் கொண்டாடினவை. அப்பிடி வந்த 'நீ' அது.

"மரியாதை குடுத்தது பிழையோ, றோஸ்லி?" எண்டன்.

"நீயே யோசி" எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா. நானும் யோசிச்சனான். பிழை பிடிபடேல்லை. மதிப்புக்குரிய எண்டும் சொன்னனான், விருந்தினர் எண்டும் சொன்னனான், தாங்கள் எண்டும் சொன்னனான். இதுக்கு மேலை ஒரு மனிசனுக்கு என்ன மரியாதை வேணும்?

சித்திரையிலை சீசன் முடிஞ்சுது. லிஃப்றை நிப்பாட்டினம். அண்டைக்குக் கொம்பனி ஒரு விழா வைச்சு எனக்குப் பரிசு தந்தது. நாப்பத்திமூண்டு மலைக்குள்ளையும் திறமான வரிசை எங்கடையாம். கண்ணாடியிலை ஒரு கேடயம், அஞ்சு கிலோ வரும். கிறிஸ்டல் கட்டிப் பிடிச்சு அழுதாள். அடுத்த வருசம் நான் மற்ற மலையளுக்கும் போய் வரிசை பழக்கோணுமாம்.

எல்லாரும் கை தட்டேக்கை என்ரை மனம் ஒரே ஒரு ஆளைத்தான் தேடிச்சுது. இதை அலோயிஸ் பாக்கோணும் எண்டு. இருவத்தேழு வருசம் கூட வேலை செய்தவன் முதலாம் பரிசு எடுத்திருக்கிறான் எண்டால் எந்த மனிசனுக்கும் உள்ளுக்கை ஒரு சந்தோசம் வரும்தானே?

ஆனால் லிஃப்ற் நிண்டிட்டுது. அப்பதான் எனக்கு உறைச்சுது, இருவத்தேழு வருசத்திலை நான் ஒருநாளும் அந்த மலையை நடந்து ஏறினதில்லை எண்டு. கேடயத்தைக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். கீழ்ப்பக்கம் பனி உருகிச் சேறு. சப்பாத்து தாண்டு போகுது. நூறு அடிக்கு ஒருக்கால் நிண்டன். பேந்து அம்பது அடிக்கு ஒருக்கால். பாதியிலை கேடயத்தை எறிவமோ எண்டு யோசிச்சன். எறியேல்லை. ஒரு மணி ஐம்பது நிமிசம் அந்தாளுக்கு. எனக்கு மூண்டரை மணித்தியாலம். கண் இருட்டுது, நெஞ்சு பறை அடிக்குது. இதையோ மனிசன் மாசக்கணக்காய் முதுகிலை பாணோடை ஏறினவர்?

வாசலிலை விறகு அடுக்கிக் கொண்டு நிண்டார். றோஸ்லி யன்னலடியிலை கதிரையிலை. நான் வந்து மதிலைப் பிடிச்சுக் கொண்டு நிண்டன். வழி முழுக்க ஒரு பேச்சு ஆயத்தம் பண்ணிக்கொண்டு வந்தனான், நல்ல மரியாதையான பேச்சு. வாயைத் திறந்தன். மூச்சில்லை. கடைசியிலை வந்தது ரெண்டு சொல்லுத்தான்.

"தண்ணி தா."

தாங்கோ எண்டு முடிக்க என்னட்டைக் காத்து இல்லை, தம்பி. அவ்வளவுதான்.

அலோயிஸ் விறகைக் கீழை போட்டார். என்னைப் பாத்தார். உள்ளை போய் ஒரு பெரிய கோப்பையிலை தண்ணி கொண்டு வந்து நீட்டினார். வாங்கிக் குடிச்சன். பாதி குடிக்க மூச்சு வந்திட்டுது, மூச்சோடை எனக்கு என்ரை வளப்பும் வந்திட்டுது.

"உங்களுக்கு மிச்சம் நன்றி" எண்டு துடங்கினன்.

கோப்பையைப் பறிச்சுக்கொண்டார்.

தாகம் அடங்கேல்லை. யன்னலடியிலை றோஸ்லி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குறா.

"உனக்கு நன்றி" எண்டன்.

திருப்பித் தந்தார்.